அரைப்பாலம், எல்லாரும் இறங்கு!

ஊர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பது யார் என்று கேட்டால் நகரசபைக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்து நிற்பார்கள். நம்பிவிடக் கூடாது. மனிதனுக்குப் பட்டப்பெயர் வைப்பது கூடப் படித்த பயல்கள். ஊருக்கு வைப்பது பக்கத்து ஊர்க்காரர்கள். இரண்டுக்கும் உரியவரின் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை. ஊர் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும் பெயர் அலங்கார வளைவில் இருக்கும். அடுத்தவன் வைத்த பெயர் நாக்கில் இருக்கும். பெருங்காற்று அடித்தால் வளைவு சாய்ந்துவிடும். நாக்கைச் சாய்த்த காற்று இன்னும் அடிக்கவில்லை.

பன்னிரண்டாம் எண் பஸ்ஸின் கண்டக்டரம்மாவுக்கு இதையெல்லாம் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பதினெட்டு வருஷமாக ஒரே தடத்தில் டிக்கெட் கிழிக்கிறவள். நிறுத்தங்களின் முறையான பெயர்கள் டிக்கெட்டில் பொடி எழுத்தில் இருக்கின்றன. படிக்க யாருக்கும் கண்ணும் இல்லை, பொறுமையும் இல்லை. மணிக்கூண்டின் நான்கு முகமும் நான்கு விதமாக மணி காட்டிய ஊர் 'நாலு நேரம்'. விருந்தாளியின் செருப்புச் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்துவதாகப் பேர் வாங்கிய ஊர் 'தாழ்ப்பாள்'. எதைச் சொன்னாலும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லுகிற ஊர் 'என்னது'.

"நாலு நேரம் எறங்கு! தாழ்ப்பாள் யாருங்க, முன்னாடி வாங்க! என்னது எல்லாம் தயாரா இருங்க!"

யாரும் கோபித்துக்கொண்டது கிடையாது. கோபித்தால் தூங்கிக்கொண்டே ஊரைத் தாண்டிப் போக வேண்டியதுதான்.

அவளுடைய சொந்த ஊரின் பெயர் அரைப்பாலம்.

அந்தப் பெயருக்குக் கதை எழுதத் தேவையில்லை, ஆற்றைப் பார்த்தால் போதும். ரயிலடிப் பக்கத்துக் கரையிலிருந்து கல்பாலம் ஒன்று கம்பீரமாகக் கிளம்பும். ஏழு தூண்கள், இருபுறமும் கைப்பிடிச் சுவர், நடுநடுவே விளக்குக் கம்பம். சரியாக ஆற்றின் நடுவில், வாக்கியத்தைப் பாதியில் மறந்தவனைப் போல, நின்றுவிடும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் எட்டாவது தூணுக்குப் பதில் எட்டாவது வீட்டைக் கட்டிவிட்டார் என்று சொல்வார்கள். கோப்பில் மட்டும் 'பணி நிறைவுற்றது' என்று எழுதி, அதன்மேல் முத்திரையும் குத்தியாகிவிட்டது. நிறைவுற்ற பாலத்துக்கு மிச்சம் கட்ட எந்த அரசாங்கத்தாலும் முடியாது. இல்லாத பாதியை உண்டு என்று காகிதம் சொல்லும்போது, இல்லை என்று சொல்வதற்கு ஆறு ஒன்றும் மனுப் போடாது.

மிச்சப் பாதியை ஊர்க்காரர்களே கட்டினார்கள். மரக்கால்களை நட்டு, வீட்டுக்கு வீடு பலகை கொடுத்தார்கள். கட்டில் கொடுத்தவர்கள் உண்டு, அலமாரி கொடுத்தவர்கள் உண்டு. ஒரு வீட்டார் கொடுத்த பழைய கதவு இன்றைக்கும் நடுவில் கிடக்கிறது. அதன் சாவித்துவாரம் வழியே குனிந்து பார்த்தால் கீழே தண்ணீர் ஓடும்.

எதிர்க்கரைக்காரர்கள் சிரித்தார்கள். "அரைப்பாலத்தான் வந்துட்டான், அவனுக்கு அரை டம்ளர் ஊத்து" என்றார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் "மாப்பிள்ளைக்குச் சம்பளமாவது முழுசா வருமா?" என்று கேட்டார்கள். முதல் எட்டு வருஷம் அந்தச் சொல்லைக் கேட்டாலே ஊரில் சட்டை கிழியும்.

பிறகு ஒரு நாள் அது மாறியது. கண்டக்டரம்மா வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். ஆட்களோடு பலகை மேல் ஏறிய பஸ்ஸின் முன்சக்கரம் மரத்தைப் பிளந்துகொண்டு இறங்கிவிட்டது. வண்டி ஆற்றைப் பார்த்துத் தலை குனிந்து நின்றது. என்ன சொல்வதென்று தெரியாமல் அவள் வாய்க்கு வந்ததைக் கத்தினாள்: "அரைப்பாலம்! அரைப்பாலம்! எல்லாரும் எறங்கு!" வேறு எதைக் கத்தியிருந்தாலும் ஜனம் "என்னவாம்?" என்று கழுத்தை நீட்டியிருக்கும். அந்த ஒரு சொல்லில் எல்லா விளக்கமும் இருந்தது. ஐம்பது பேரும் இறங்கிவிட்டார்கள். அவளுடைய அக்காவுக்கு மட்டும் கால் முறிந்தது. அன்றிலிருந்து அந்தக் கால் மேகத்துக்கு முன்பே மழையை அறிவிக்கும். அன்று வண்டி ஓட்டிய டிரைவர், முறிந்த காலுக்கு மருந்து கொண்டுவந்து கொண்டுவந்து, கடைசியில் காலுக்கு உரியவளையே கட்டிக்கொண்டார். அப்படித்தான் அவர் கண்டக்டரம்மாவுக்கு மாமா ஆனார்.

அன்று முதல் ஒரு வழக்கம். கல் முடிந்து மரம் தொடங்கும் இடத்தில், நட்டாற்றில், பஸ் நிற்கும். கண்டக்டரம்மா அந்தப் பெயரைக் கூவி இரண்டு விசில் கொடுப்பாள். எல்லாரும் இறங்கிப் பலகைமேல் நடப்பார்கள். வெற்று வண்டி பின்னால் ஊர்ந்து வரும். ஊருக்குள் போய் மறுபடி ஏறிக்கொள்வார்கள். வெளியூர் போகும்போது இதே கதை, முன்பின்னாக. இப்போது அந்தச் சொல்லுக்கு யாரும் சண்டைக்குப் போவதில்லை. ஊர்க்காரன் எந்த ஆழ்ந்த தூக்கத்திலும் அதைக் கேட்டால் எழுந்து செருப்பைத் தேடுவான். வேறு எந்த ஊரின் பட்டப்பெயரும் உயிரைக் காப்பாற்றியதில்லை என்பது அவர்கள் கட்சி.

இந்த நிலையில்தான் நகரசபைத் தலைவருக்கு ஊரின் மானம் ஞாபகம் வந்தது.

தலைவர் வேறு யாருமில்லை, அந்த ஒப்பந்தக்காரரின் மருமகன். எட்டாவது வீட்டில்தான் குடியிருந்தார். ஊரின் பெயரை மாற்றிக்காட்ட, தலைநகரிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார். கூட்டம் போட்டார்கள். நாற்காலிகள் காலியாக இருந்தால் அழகில்லை என்று பஸ் டெப்போ ஊழியர்களை மொத்தமாகக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். கண்டக்டரம்மாவுக்கு மூன்றாவது வரிசை.

ஆலோசகர் கழுத்தில் துண்டு மாதிரி ஒன்றைச் சுற்றியிருந்தார். குளிருக்கு இல்லை, அறையில் வேர்த்துக் கொட்டியது. திரையில் படம் ஓட்டி, "ஒரு ஊருக்குப் பெயர் என்பது அதன் ஆன்மா" என்று தொடங்கி, ஆன்மாக்களின் பட்டியலை வாசித்தார். கீழ்த்திசையின் ரத்தினம். தென்றலின் தொட்டில். நூறு மலர்களின் நகரம்.

"நூறு பூவுக்கு எங்க போறது? டெப்போவுல ஒரு செம்பருத்தி இருக்கு, அதுவும் ஆயில் குடிச்சுக் கறுத்துப்போச்சு" என்று டிரைவர் முணுமுணுத்தார்.

"சும்மா இருங்க மாமா. இன்னும் வருது பாருங்க."

வந்தது. 'பொன்வாயில் நகரம்.' மேளம் இல்லாத குறையைக் கைத்தட்டல் நிறைவு செய்தது. பாலம் ஊருக்குள் நுழையும் இடத்தில் பொன்னிற வளைவு கட்டப்படும். மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரியம்மா வந்து பார்த்து, பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவார். அதற்குப் பிறகு பழைய பெயர் செல்லாது. கேள்வி இருந்தால் கேட்கலாம்.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று மேடையில் சொல்வது கேட்கக் கூடாது என்பதற்காகத்தான். கண்டக்டரம்மாவுக்கு அந்த நாகரிகம் போதாது. எழுந்து நின்றாள்.

"பேரை மாத்துறதுக்குப் பதிலா பாலத்தை முடிச்சிட்டா, பழைய பேரு தன்னாலே போயிடும் இல்லீங்களா?"

தலைவர் சிரித்தார். பொறுமைசாலியின் சிரிப்பு. "பாலம் முடிஞ்சுதானேம்மா இருக்கு?"

"எங்கீங்க?"

"கோப்புல பாரும்மா."

"கோப்பு மேல பஸ் போகாதுங்களே."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவரின் சிரிப்பு அந்த இடத்தில் நின்றுபோனது. கல் முடிந்து மரம் தொடங்கிய மாதிரி. ஆலோசகர் அவசரமாக ஒரு விளக்கம் கொடுத்தார். நட்டாற்றில் இறங்கி நடப்பதை இனிமேல் குறையாகப் பார்க்கக் கூடாது. அதற்கு 'ஆற்றழகு கண்டு மகிழும் நடை' என்று பெயர் வைத்துவிடலாம்.

"மழையில மூட்டையைத் தூக்கிட்டு மகிழ்ந்து பாரு, தெரியும்" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. கீரைக்காரம்மா. தினமும் இரண்டு கூடையோடு பன்னிரண்டாம் எண்ணில் வருகிறவள். அவளை யாரும் அழைக்கவில்லை; நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டாள்.

மறு வாரம் டெப்போவில் உத்தரவு ஒட்டினார்கள். பணி நேரத்தில் எந்த ஊழியரும் 'அ' என்று தொடங்கும் அந்தச் சொல்லை உச்சரிக்கக் கூடாது. சொல்லை உத்தரவிலேயே எழுத அவர்களுக்கு மனம் வரவில்லை. 'அம்மா' என்று கூப்பிடலாமா என்று இரண்டு மெக்கானிக்குகள் மேலாளரிடம் எழுத்து மூலமாகச் சந்தேகம் கேட்டார்கள்.

அன்றும் நட்டாற்றில் வண்டி நின்றது. கண்டக்டரம்மா படியில் நின்றபடி வழக்கம்போல நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள்.

"அரைப்பாலம்! எல்லாரும் எறங்கு!"

மூன்றாம் நாள் மெமோ வந்தது. மேலாளர் நல்ல மனிதர். அதாவது கெட்டதைச் செய்யும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். மெமோவை நீட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை அந்தச் சொல் உன் வாயில வந்தா வேலை போயிடும்மா. எனக்கு வேற வழியில்ல."

"எனக்கு வேற சொல் இல்லீங்களே சார்."

"எறங்குன்னு மட்டும் சொல்லேன்."

"வெறும் எறங்குன்னா தூங்குறவன் எந்திரிக்க மாட்டான். என்ன ஸ்டாப்புன்னு கேட்பான். அந்தப் பேருக்குத்தான் சார் காலு தன்னால கீழ இறங்குது. பதினெட்டு வருஷப் பழக்கம்."

மேலாளர் இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அதுக்கு அவசியமே இருக்காது. வர்ற வெள்ளிக்கிழமை மேலிடத்து அம்மா வர்றாங்க. ஆலோசகர் யோசனைப்படி, மக்களோடு மக்களா நம்ம பஸ்ஸுலதான் ஊருக்குள்ள வரணுமாம். போட்டோ நல்லா வருமாம். அன்னிக்கு நட்டாத்துல யாரும் இறங்க வேணாம். ஆளோட நேரா வளைவுக்குப் போகணும்."

"ஆளோடயா?"

"மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாதாம். தலைவர் சொல்றார்."

"தலைவர் எந்த சீட்டுல உக்காருவாராம்?"

"முன் சீட்டு. டிரைவர் பக்கத்துல. ஏன்?"

"சும்மா கேட்டேன் சார்."

இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தன. மாடியில் கண்டக்டரம்மாவும் அவள் புருஷனும்; புருஷன் கடிகாரம் பழுது பார்ப்பவர், 'நாலு நேரம்' ஊரின் மணிக்கூண்டை ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்த பாவத்துக்காக அந்த ஊரில் இன்னும் திட்டு வாங்குகிறவர். கீழே அக்காவும் டிரைவரும். அடுப்பு ஒன்றுதான். ஒரே பஸ்ஸில் இரண்டு வீட்டுச் சோறு ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு அன்று காலையிலேயே கால் வலித்தது. வானத்தில் மேகம் இல்லை.

"வீம்பு வேணாம்டி" என்றாள் அக்கா. "பொன்வாயில்னு சொன்னா நாக்கு சுட்டுடுமா? ரெண்டு பேருக்கும் ஒண்ணா வேலை போச்சுன்னா என்ன பண்றது? இவர் கடிகாரத்தைத் திங்க முடியுமா?"

"என் மேல ஏன் வர்றீங்க அண்ணி?" என்றார் கடிகாரக்காரர்.

"அக்கா, உன் காலை நீட்டு" என்றாள் கண்டக்டரம்மா. அக்கா நீட்டவில்லை. எதற்குக் கேட்கிறாள் என்று தெரியும். "இந்தக் காலு எந்தக் கோப்புல எழுதியிருக்கு? பாலம் முழுசுன்னு காகிதம் சொல்லுது. பாதிதான்னு சொல்றதுக்கு மிச்சம் இருக்கிறது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டா, நாளைக்கு உன் காலும் முறியலைன்னு சொல்லுவாங்க."

டிரைவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"நாம மாட்டோம்னு சொன்னா, பலகையைப் பத்தித் தெரியாத வேற டிரைவரைக் கொண்டாருவாங்க. ஜனத்தோட உள்ள விட்டுடுவான். அதனால வண்டியை நான்தான் எடுக்கணும். மரத்துல ஒரு சக்கரம் ஏறாது, அது என் பொறுப்பு. பிரேக்கு என் கால்ல இருக்கு, நாக்கு உன் வாயில இருக்கு. அவங்கவங்க வேலையை அவங்கவங்க பார்ப்போம்."

"நான் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன் மாமா."

"சொல்லாதே. அதான் உத்தரவு." டிரைவர் முதல் தடவையாகச் சிரித்தார். "உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சு ரொம்ப நாளாச்சு. ஒருநாள் படிஞ்சுதான் பார்ப்போமே."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டாம் எண்ணை அடையாளம் தெரியவில்லை. பக்கவாட்டில் பொன்னிற எழுத்து. பெயின்ட் காயாததால் ஏறியவர்கள் எல்லாருடைய தோளிலும் கொஞ்சம் பொன் ஒட்டியது. ரயிலடியில் பெரிய அதிகாரியம்மா ஏறினார். ஒல்லியான மனுஷி, கையில் குறிப்புப் புத்தகம், காலில் நடப்பதற்கென்றே செய்த தடித்த செருப்பு. தலைவர் புது அங்கியோடு முன் சீட்டில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஆலோசகர், அவருக்குப் பின்னால் மேலாளர், ஜன்னலைப் பார்த்தபடி. மக்களோடு மக்களாக இருக்க மக்கள் வேண்டுமே என்று மிச்ச இடத்தில் வழக்கமான ஜனத்தை ஏற்றியிருந்தார்கள். கீரைக்காரம்மாவின் கூடைகளைக் கீழே வைக்கச் சொன்னார்கள். கூடை வராவிட்டால் தானும் மக்கள் இல்லை என்று சொல்லிவிட்டாள். கூடை ஏறியது.

கண்டக்டரம்மாவின் கையில் மைக் கொடுத்திருந்தார்கள். என்ன பேச வேண்டும் என்று ஒரு சீட்டும் கொடுத்திருந்தார்கள். நாலு நேரம், தாழ்ப்பாள், என்னது எல்லாம் அன்றைக்கு முறையான பெயரோடு போயின. அதனால் என்னதுக்காரர் ஒருவர் இறங்காமல் தன் ஊரைத் தாண்டி வந்துவிட்டார். "என்னது? தாண்டிடுச்சா?" என்று அவர் கேட்டது அதிகாரியம்மாவின் காதிலும் விழுந்தது.

கல்பாலத்தில் வண்டி ஏறியது. தலைவர் பின்பக்கம் திரும்பி, "இதுதாங்கம்மா நம்ம பாலம். என் மாமனார் கட்டினது" என்று கைகாட்டினார். கை காட்டிய திசையில் ஏழு தூணும் கைப்பிடிச் சுவரும் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தன. பாதி வேலையை முழு அழகோடு செய்யத் தெரிந்த குடும்பம்.

கண்டக்டரம்மா மைக்கை வாயருகில் வைத்தாள். சீட்டைப் பார்த்து எழுத்து பிசகாமல் படித்தாள்.

"அன்பார்ந்த பயணிகளே. நாம் இப்போது பொன்வாயில் நகரத்துக்குள் நுழைகிறோம்."

ஆலோசகர் கை தட்டினார். ஒருத்தர் கைத்தட்டல் எவ்வளவு சிறிய சத்தம் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்திருக்கும். மற்ற ஜனம் மூச்சுக் காட்டவில்லை. எல்லாருடைய கையும் தானாகவே செருப்புக்குப் போயிருந்தது. சொல் வரவில்லை. விசில் வரவில்லை. வண்டியோ போய்க்கொண்டே இருந்தது.

மாட்டு வண்டியின் வேகம்தான். ஆனால் பதினெட்டு வருஷத்தில் இந்த இடத்தில் சொல் இல்லாமல் வண்டி நகர்ந்ததில்லை. கண்டக்டரம்மாவுக்கு நாக்கின் அடியில் அது வந்து முட்டிக்கொண்டு நின்றது. அவள் டிரைவரின் வலது காலைப் பார்த்தாள். பிரேக்கின் மேல், இறகு வைத்த மாதிரி, இருந்தது. அவள் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

முன்கண்ணாடி முழுக்க ஆறு வரத் தொடங்கியது. ஐந்தாவது தூண். ஆறாவது. கல்லின் விளிம்பும் அதற்கப்பால் கறுத்த பலகைகளும், பலகைகளுக்கிடையே மினுங்கும் தண்ணீரும் தலைவருக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தன. முன் சீட்டு என்பது அதற்குத்தானே.

"டிரைவர்... கொஞ்சம் மெதுவா."

"மெதுவாத்தான் போறேன் சார்."

"இல்லய்யா, நிறுத்து."

"கண்டக்டர் குரல் குடுத்தாத்தான் சார் இங்க நிறுத்துவோம். பதினெட்டு வருஷ வழக்கம்."

தலைவர் திரும்பினார். "என்னம்மா பார்த்துக்கிட்டு நிக்கிற? குரல் குடு!"

கண்டக்டரம்மா பல்லிலிருந்து விசிலை எடுத்தாள். "குடுத்தேன் சார். பொன்வாயில்னு சொன்னேனே."

"அதில்ல. எப்பவும் சொல்லுவியே, அதைச் சொல்லு!"

"அது தடை பண்ணின சொல்லு சார். சொன்னா வேலை போயிடும். மேலாளர் இங்கதான் இருக்காரு, கேட்டுப் பாருங்க."

மேலாளர் ஜன்னலை அவ்வளவு ஊன்றிப் பார்த்தார், அதில் ஏதோ படம் ஓடுவது போல. ஏழாவது தூண். பின்னால் கீரைக்காரம்மா நிதானமாகச் சொன்னாள்: "பாலம்தான் முழுசா இருக்குதாமே, போகட்டும் விடு. கோப்பு தாங்கும்."

கல்லின் விளிம்புக்குப் பத்து முழம் இருக்கும். தலைவர் எழுந்தார். புது அங்கி கம்பியில் மாட்டிக் கிழிந்தது. மாமனாரின் எட்டு வீடும், கோப்பும், முத்திரையும், வளைவும் அந்த ஒரு கணத்தில் அவருக்கு எங்கே போயின என்று தெரியவில்லை. நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, பதினெட்டு வருஷ அனுபவம் உள்ள கண்டக்டரைப் போலக் கத்தினார்:

"அரைப்பாலம்! அரைப்பாலம்! எல்லாரும் எறங்கு!"

வண்டி நின்றது. குலுங்கக்கூட இல்லை, தொட்டிலை நிறுத்தியது போல. கண்டக்டரம்மா இரண்டு விசில் கொடுத்தாள். விசிலுக்குத் தடை இல்லை.

பஸ் எட்டு நொடியில் காலியாயிற்று. ஆலோசகர் ஜன்னல் வழியாகக் குதித்ததாகப் பிற்காலத்தில் ஊரில் ஒரு கதை உலவியது, அது மிகை. வாசல் வழியாகத்தான் இறங்கினார், ஆனால் எல்லாருக்கும் முன்னால். கழுத்துத் துண்டு மட்டும் சீட்டிலேயே தங்கிவிட்டது.

அதிகாரியம்மா கடைசியாக இறங்கி, கல் முடியும் இடத்தில் நின்று பார்த்தார். பிறகு கீரைக்காரம்மாவின் ஒரு கூடைக் காதைத் தானும் பிடித்துக்கொண்டு பலகைமேல் நடந்தார். பழைய கதவின் மேல் வந்ததும் நின்றார். குனிந்து சாவித்துவாரத்தின் வழியே தண்ணீரைப் பார்த்தார்.

"இது என்ன வேலை?" என்று தலைவரைக் கேட்டார்.

"பராமரிப்புப் பணிங்கம்மா. தற்காலிகம்."

"எவ்வளவு நாளா?"

தலைவர் இருமினார். கீரைக்காரம்மாவுக்கு இருமல் இல்லை. "இருபத்தாறு வருஷமாங்க. நான் குடுத்தது அந்தா, மூணாவது பலகை. எங்க மாமியார் கட்டிலு. அந்தம்மா படுத்திருந்தப்பவும் இப்படித்தான் முனகும்."

அதிகாரியம்மா குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. வளைவுக்குக் கீழே போய்ச் சேரும்வரை, நடந்துகொண்டே, நிறைய எழுதினார். வளைவில் கட்டியிருந்த நாடாவை வெட்டக் கத்தரிக்கோல் நீட்டினார்கள். பேனாவைப் பிடித்த கை ஓயவில்லை என்று சொல்லி, நாடாவுக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டார். நாடா முழுசாக இருந்தது. ஊரில் முழுசாக மிஞ்சியது அது ஒன்றுதான்.

ரயிலுக்குத் திரும்ப மாலை நான்கு மணிக்கு அதே பஸ். தலைவரும் வழியனுப்ப வர வேண்டியதாயிற்று. மனுஷியைத் தனியாக அனுப்பினால் வழியில் கீரைக்காரம்மா இன்னும் என்னென்ன சொல்வாளோ. வண்டி பொன்னிற வளைவுக்குக் கீழே, பலகைகள் தொடங்கும் இடத்தில் வந்து நின்றது. இஞ்சின் ஓய்ந்தது. ஜனம் செருப்பைத் தொட்டபடி உட்கார்ந்திருந்தது. யாரும் எழவில்லை. சொல் வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

கண்டக்டரம்மா முன் சீட்டுக்குப் போனாள். மரியாதையாகக் குனிந்தாள். பஸ் முழுக்கக் கேட்கிற மரியாதை.

"சார், காலையில மாதிரி நீங்களே சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?"

தலைவர் ஆற்றைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். டிரைவர் ஸ்டியரிங்கில் கை வைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அதிகாரியம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத் தலைவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயே சொல்லும்மா" என்றார் தலைவர், உதடு அசையாமல்.

"மெமோ எழுத்துல வந்துச்சு சார். இதுவும் எழுத்துல இருந்தா நல்லது." ஒரு டிக்கெட்டைக் கிழித்துத் திருப்பி, பேனாவோடு நீட்டினாள்.

டிக்கெட்டின் பின்பக்கம் சிறியது. 'சொல்லலாம்' என்று எழுதி, கையெழுத்துப் போடத்தான் இடம் இருந்தது. அவர் போட்டார். மேலாளர் அன்று முதல் தடவையாக ஜன்னலை விட்டுத் திரும்பி, அதன் கீழ் தானும் ஒரு சுருக்கொப்பம் போட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று.

கண்டக்டரம்மா டிக்கெட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். மைக்கை எடுத்து, சுருட்டி, அதன் இடத்தில் மாட்டினாள். படியில் போய் நின்றாள். தலைக்கு மேலே 'பொன்வாயில் நகரம்' என்ற எழுத்துகள் மாலை வெயிலில் இன்னும் காயாமல் பளபளத்துக்கொண்டிருந்தன. அவள் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள்.

எதிர்க்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள் என்கிறார்கள்.